மேற்கு அறைக்குத் தனி ஏசி

எங்கள் வீட்டில் யார், எந்த மணிக்கு, எந்த அறையில் இருப்பார்கள் என்று எழுதுவதற்காக ஒரு தாள் தயாரித்தேன். மேலே காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை மணிகள், பக்கவாட்டில் அறைகள். ஆளுக்கு ஒரு பிரதி. ஞாயிறு பூசை முடிந்து வந்து, இட்லி சாப்பிட்டு எல்லோரும் உட்கார்ந்ததும் பென்சிலோடு கொடுத்தேன்.

“என்ன பாப்பா, சென்சஸா?” என்றார் அப்பா.

“நான் எங்க இருப்பேன்? அடுப்படியிலதான் இருப்பேன். இதுக்கு ஒரு பேப்பரு” என்று அம்மா காலையிலிருந்து இரவு வரை ஒரே கோடாக இழுத்து, அதன்மேல் ‘அடுப்படி’ என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார்.

அப்பா தமக்கு எங்கெல்லாம் செய்தித்தாள் படிக்கப் பிடிக்குமோ அந்த இடங்களையெல்லாம் எழுதினார். அண்ணி மட்டும் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அரைமணி நேரம் கழித்து நிரப்பிக் கொண்டுவந்தார். அவர் மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

இந்தத் தாள் என் தொழிலில் வழக்கமானது. கட்டடங்களுக்குக் குளிர்வசதி வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று எது வந்தாலும் முதலில் செய்வது ஒரே வேலைதான்: வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுவது. கூரை, சுவர், ஜன்னல், விளக்கு, மனிதர்கள். உட்கார்ந்திருக்கும் மனிதர் ஓரளவு வெப்பம் தருவார், நடமாடுகிறவர் அதைவிட அதிகம். கடைசியில் நேரத்தைப் பார்ப்போம். எல்லோரும் எல்லா அறையிலும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது. பகலில் ஹாலில் இருப்பவர்கள்தான் இரவில் படுக்கையறைக்குப் போகிறார்கள். வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம் என்றால், அந்த ஆட்களுக்குப் பின்னாலேயே குளிரையும் அனுப்பலாம். அதனால் இயந்திரம் சிறியதாக இருந்தாலே போதும். அறைக்கு அறை தனி ஏசி மாட்டினால், பக்கத்து அறையில் இன்னொன்று ஓடுகிறது என்பதுகூட ஒன்றுக்கும் தெரியாது. ஒவ்வொன்றும் உலகத்திலேயே தான் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு ஓடும்.

படிக்கும் காலத்திலிருந்தே எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பக்கச் சார்பு உண்டு. சுவரில் தொங்கும் பெட்டியைவிட, கண்ணுக்குத் தெரியாமல் கூரைக்குள் ஓடும் டக்ட் என்ற காற்றுக்குழாய்தான் நாகரிகம் என்று நினைப்பேன். பிறருக்காக எத்தனையோ செய்தாயிற்று. முதன்முறையாக எங்கள் வீட்டுக்கே செய்யும் வாய்ப்பு வந்தது.

அப்போது நாங்கள் பாலக்கரையில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே மாடியில் இருந்தோம். ரயில்பெட்டி மாதிரி அறைக்குப் பின்னால் அறை. கடைசி அறை அண்ணனுடையது, அதாவது அண்ணியுடையது. அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவான். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாக ஒரு மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்திருந்தோம். கீழே ஹாலும் அப்பா அம்மாவின் அறையும் சமையலறையும். மாடியில் இரண்டு அறைகள், கிழக்கே எனக்கு, மேற்கே அண்ணிக்கு.

“இங்க எல்லாம் சென்ட்ரல் ஏசிதான்” என்று அண்ணன் வீடியோ காலில் அலைபேசியைத் தூக்கிக் கூரையைக் காட்டினான். “சுவத்துல டப்பா தொங்காது, சத்தம் கேக்காது. நம்ம வீட்டுக்கும் அதையே போட்டுடலாம். வீட்டுலயே இன்ஜினியர வெச்சுக்கிட்டு வெளியில எதுக்குப் போகணும்?”

அவனுக்கு ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் அனுப்பினேன். தனி ஏசி ஒரு பக்கம், சென்ட்ரல் ஒரு பக்கம், நடுவில் பதினொரு வரிகள். சத்தம், மின்சாரம், தூசி வடிகட்டுவது, தண்ணீர் சொட்டும் குழாய், ஒன்று கெட்டால் எத்தனை அறை பாதிக்கும், இப்படி. ஒன்பதாவது வரியை எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஹாலில் பீடத்தில் மாதா சுரூபத்துக்கு முன்னால் அம்மா ஏற்றும் மெழுகுவர்த்தி. ஏழு மணிக்குச் செபமாலை தொடங்கும்போது குளிர்காற்று நேராக அதன்மேல் அடித்தால் அணைந்துவிடும். ஆகவே அந்த மூலையில் காற்றுத் துவாரம் கூடாது. எந்த இன்ஜினியர் இதையெல்லாம் யோசிப்பார்? ஒரு மெழுகுவர்த்திச் சுடர் வரைக்கும் நான் எங்கள் வீட்டை அறிந்திருந்தேன் என்று அன்றைக்கு நம்பினேன்.

அண்ணியின் அறையில் ஏற்கெனவே ஒரு ஏசி இருந்தது. கல்யாணத்தில் சீராக வந்தது. அண்ணியின் அப்பா தொட்டியத்தில் வாழை போடுகிறவர். கட்டில், பீரோ, மிக்ஸி, கிரைண்டரோடு ஒரு ஏசியும் அனுப்பியிருந்தார். “எம் பொண்ணு ஆத்தங்கரைக் காத்துல வளந்தது. டவுன் வெக்கை தாங்காது” என்று சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பாலக்கரை வீட்டில் இருந்த ஒரே ஏசி அதுதான்.

எங்கள் வீட்டில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அறைகளுக்கெல்லாம் திரைச்சீலை உண்டு, அதுவே போதும். அம்மாவைப் பொறுத்தவரை கதவு சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவருக்குக் காய்ச்சல், அல்லது கோபம். உடை மாற்றுவதென்றால் ஐந்து நிமிடம். அதைத் தாண்டினால் வந்து தட்டுவார். “என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?” பிரியத்தோடுதான் கேட்பார். ஒன்பது பேரில் ஒருவராக ஒரே கூடத்தில் வளர்ந்தவர் அவர். தனியாக ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் துணைக்குப் போய் உட்காராமல் அவரால் இருக்க முடியாது.

இதற்கு ஒரே விலக்கு ஏசி. ஏசி ஓடும்போது கதவு சாத்தலாம் என்பதில்லை, சாத்தியே ஆகவேண்டும். அம்மாவே சொல்வார்: “யாருடி கதவ தொறந்து போட்டது? கூல் எல்லாம் போவுது பாரு.”

அண்ணி பள்ளி முடிந்து நான்கு பத்துக்கு வீடு வருவார். முகம் கழுவுவார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார். ஏசி ஓடும் இரைச்சல் கேட்கும். ஐந்து மணிக்கு வெளியே வந்து எல்லோருக்கும் டீ போடுவார். இரண்டு தெரு தள்ளியிருந்த பெரியம்மா தினமும் நான்கு மணிக்கு எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவார். “எங்க உன் மருமக? இப்பவும் ஃப்ரிட்ஜுக்குள்ளயா?” என்பார். “விடுக்கா, பஸ்ல வந்து வெந்து போயிருக்கா” என்பார் அம்மா. ஐந்து மணிக்கு அண்ணி டீயோடு வந்ததும் பெரியம்மா தன் வழக்கமான கேள்வியைக் கேட்பார். கல்யாணமாகி மூன்று வருஷமாகிவிட்ட பெண்ணிடம், புருஷன் கடல் தாண்டி இருக்கும் பெண்ணிடம், எல்லோரும் கேட்கும் அதே கேள்வி.

அண்ணி நிரப்பிய தாளில் அந்த நேரத்துக்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: ‘4.15 – 5.00. அறை. கதவு சாத்தி.’

நான் ‘அறை’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டு சொற்களையும் ஒரு டீச்சரின் முழுமைப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். கணக்குப் பார்த்தபோது அந்த முக்கால் மணி நேரம் உறுத்தியது. மேற்கு வெயில் மாடிச் சுவரில் நேராக அடிக்கும் நேரம். ஒரே ஒரு ஆளுக்காக அந்த அறை முழுவதையும் குளிர்விக்க வேண்டும். அதே நேரத்தில் கீழே ஹால் குளிர்ந்து கிடக்கும், மற்றவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். அந்த ஒருவர் ஐந்து மணி வரை ஹாலில் உட்கார்ந்தால் இயந்திரம் ஒரு அளவு சிறியதாகிவிடும். அழிப்பானை எடுத்து அண்ணியை அழித்தேன். ஹாலில் எழுதினேன்.

வரைபடம் முடிந்ததும் சாப்பாட்டு மேசைமேல் விரித்து விளக்கினேன். பெரியம்மாவும் இருந்தார். அண்ணன் வீடியோ காலில் இருந்தான். இயந்திரம் ஒவ்வொரு அறைக்கும் குளிர்காற்று அனுப்பும், அனுப்பிய காற்று திரும்பி வந்தால்தான் மறுபடி அனுப்ப முடியும், அது திரும்பும் வழி மாடியில் ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் நடையில்தான். ஆகவே அறைக்குள் போன காற்று கதவு வழியாக நடைக்கு வந்தாக வேண்டும்.

“அப்ப கதவ சாத்தவே வேணாமா?” அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“தொறந்து வெச்சா ரொம்ப நல்லதும்மா. சாத்தினாலும் காத்து வரணும்னு கதவுக்குக் கீழ லூவர் வெச்சிருக்கேன்.”

“ஓட்டையா?” என்றார் அண்ணி.

“ஓட்டை இல்ல அண்ணி. சின்னச் சின்னச் சட்டமா சாய்வா இருக்கும். உள்ள தெரியாது. காத்து மட்டும் வரும்.”

“சத்தம்?”

“சத்தமும் கொஞ்சம் வரும்.”

அண்ணி வரைபடத்தில் தன் அறையின்மேல் விரலை வைத்தபடி இருந்தார். பிறகு, “எனக்கு அந்தப் பழைய ஏசியே போதும். மேல அதையே மாட்டிக்கறேனே” என்றார்.

“ஐயோ, அத நான் ஃபாதருக்குக் கொடுக்கறேன்னு சொல்லிட்டேன்” என்றார் அம்மா. “பாவம், பங்கு ஆபீஸ்ல ஒரு ஃபேன், அதுவும் காத்தே வராது. புது வீடு முழுக்கக் குளுகுளுன்னு இருக்கப்போவுது, உனக்கு எதுக்கும்மா அந்தப் பழைய டப்பா?”

கோயில் காரியத்துக்கு எதிராக ஒரு மருமகள் என்ன சொல்ல முடியும்? அப்போது நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அண்ணி, வீடு முழுக்க சென்ட்ரல் போட்டுட்டு ஒரு ரூம்ல மட்டும் டப்பா மாட்டினா சகிக்காது” என்றேன்.

“அவங்க வீட்டு சாமான்மேல அவளுக்குப் பாசம்” என்று அண்ணன் அலைபேசியிலிருந்து சிரித்தான். அண்ணியும் சிரித்தார். “டீ போடறேன்” என்று எழுந்துபோனார்.

அந்த ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த பிறகும் அக்கினி வெயில் தணியவில்லை. அலுவலகத்துக்குச் சிறிய வெப்பப் பதிவுக் கருவிகள் சில வந்திருந்தன. தீப்பெட்டி அளவு. அறையில் வைத்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்க நான்கைந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அறைக்கு ஒன்றாக வைத்தேன். அண்ணியின் அறையில் பீரோ மேல் ஒன்று. தனி ஏசி எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்து, என் பட்டியலுக்கு ஒரு சான்றாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

இரண்டு நாள் பதிவைக் கணினியில் இறக்கிக் கோடாகப் பார்த்தேன். ஹாலும் சமையலறையும் எதிர்பார்த்தபடி. அண்ணியின் அறைக் கோட்டில் நாலேகாலுக்கு ஒரு சரிவு இருக்க வேண்டும். ஏசி போட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும். சரிவு இல்லை. நாலேகாலுக்கு முப்பத்தாறு. ஐந்து மணிக்கு முப்பத்தேழு.

எதிர்பாராத எண் வந்தால் எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கருவி. பிறகு அதை வைத்த இடம். பிறகு கணக்கு. மனிதர்கள் கடைசி. கருவியை அப்பா அறையில் இருந்ததோடு மாற்றி வைத்தேன். பீரோ மேலிருந்து மேசைக்கு இறக்கினேன். மறுநாளும் அதே கோடு, அதே ஏற்றம்.

அதற்கடுத்த நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். நாலரைக்கு ஹாலில் அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி அறைக் கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“நான்தான் அண்ணி.”

தாழ்ப்பாள் விலகியது. நைட்டியில் இருந்தார், தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தார். முகத்திலும் கழுத்திலும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போனதும் மறுபடி சாத்தினார். அறை ஒரு மூடிய பஸ்ஸைப் போல இருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. ஏசியின் வாய்த் தகடு மேலும் கீழும் அழகாக ஆடிக்கொண்டிருந்தது, இரைச்சலும் இருந்தது. கையை நீட்டினேன். அறையில் இருந்த அதே வெந்த காற்றைத்தான் அது எடுத்து எடுத்துத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.

“அண்ணி, இது கூலே ஆகலையே.”

“தெரியும்.”

“எத்தன நாளா?”

“போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்சதுலேர்ந்து.”

ஒரு வருஷத்துக்கு மேல். அண்ணன் வருவது டிசம்பரில். அப்போது ஏசி போடத் தேவையிருக்காது. இரவில் இவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார். யாருக்கும் தெரிய வழியில்லை.

“சொல்லியிருந்தா மெக்கானிக்க வரச் சொல்லியிருப்பேனே. எனக்குத் தொழிலே அதான?”

அண்ணி கட்டிலின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். “மெக்கானிக் வந்து, ‘பெரிய ரிப்பேரு’ன்னு சொல்லுவாரு. ‘புது வீட்டுக்குத்தான போறோம், அதுவரைக்கும் எதுக்கு’ன்னு அத்தை சொல்லுவாங்க. நியாயம்தான். அப்பறம் நான் எதைச் சொல்லிக் கதவ சாத்தறது?”

நானும் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“கோவமா இருக்கேன்னு நெனப்பாங்க. இல்லன்னா உங்க அண்ணன்கூட ஏதோ சண்டைன்னு நெனப்பாங்க. ஒண்ணும் இல்லன்னு தெனமும் யாரு சொல்லிக்கிட்டிருக்கறது? ஏசி ஓடினா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல.”

“உள்ள என்ன பண்ணுவீங்க அண்ணி?” இதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ஒண்ணும் பண்ண மாட்டேன்” என்றார். “காலைலேர்ந்து அஞ்சு கிளாஸு. ‘மிஸ், மிஸ்’னு நாப்பது நாப்பது புள்ளைங்க. பஸ்ல நின்னுக்கிட்டு வரேன். இங்க வந்தா அத்தை இருக்காங்க, உங்க பெரியம்மா இருக்காங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒரு முக்கா மணி நேரம் எம் மூஞ்சிய யாரும் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

பிறகு தாழ்ந்த குரலில், “அந்தத் தாள்ல எழுதிக் கொடுத்தேனே” என்றார்.

எழுதித்தான் கொடுத்திருந்தார், அடிக்கோல் வைத்து. நான்தான் அழித்தேன்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஏசியின் வெளி யூனிட் சன்ஷேடின்மேல் உட்கார்ந்திருந்தது. யார் கண்ணிலும் படாத இடம். அதன் விசிறி இறக்கைகளுக்கு நடுவில் ஒரு புறாக்கூடு. காய்ந்த குச்சிகள், ஒரு துண்டு ஒயர், இரண்டு இறகுகள். குஞ்சுகள் எப்போதோ பறந்துபோயிருந்தன. விசிறி ஒரே ஒரு முறை சுற்றியிருந்தாலும் அந்தக் கூடு அங்கே இருந்திருக்காது. ஒரே வீட்டில், இருபதடி தள்ளி, மேசைமேல் குளிர்வசதிக் கணக்குகளை விரித்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மனத்துக்குள் ஒரு பட்டியல் போட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கு எது கதவு? எனக்கு ‘ஆபீஸ் கால்’. அப்படிச் சொல்லிவிட்டு அறைக்குள் போனால் அம்மா காபியைக்கூட ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போவார். பாதி நாட்களில் எந்தக் காலும் இருந்ததில்லை. அப்பாவுக்குக் கதவே வேண்டாம். ஹாலின் நடுவிலேயே செய்தித்தாளை விரித்தால் போதும், யாரும் பேச மாட்டோம். அண்ணிக்கு ‘கூல் போயிடும்’. அண்ணன் கடலுக்கு அப்பால் இருந்தான். பட்டியலை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மா மாதா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, தொழிலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். கூட்டை எடுத்துவிட்டு, வெளி யூனிட்டில் ஒரு சின்ன கெப்பாசிட்டரை மாற்றினார். அரைமணி நேர வேலை. “இதுக்காங்க ஒரு வருஷம் போடாம வெச்சிருந்தீங்க?” என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார், நான் புறாக்கூட்டைப் பார்த்தேன்.

ஏசி சரியானது பாலக்கரை வீட்டுக்குத்தான். புது வீட்டு வரைபடத்தில் அந்த அறைக் கதவுக்குக் கீழே இன்னும் லூவர் இருந்தது. தச்சர் அடுத்த வாரம் கதவுகளுக்கு அளவெடுக்க வருவதாக இருந்தது. அதற்குள் மாற்றியாக வேண்டும். வீட்டில் என்ன சொல்லி மாற்றுவது? அண்ணிக்குத் தனியாக இருக்க வேண்டுமாம் என்று சொன்னால் அம்மாவுக்கு வலிக்கும். அதைவிட, அண்ணியின் அந்த முக்கால் மணி நேரம் எல்லோரும் பேசும் விஷயமாகிவிடும். பெரியம்மா அதை ஒரு வருஷத்துக்கு வைத்துப் பேசுவார். பேச ஆரம்பித்துவிட்டால் அது தனிமையாக இருக்காது.

ஆகவே இன்ஜினியராகவே பேசினேன். மறுபடி மேசையில் வரைபடத்தை விரித்து, “கணக்குல ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று ஆரம்பித்தேன். அது முழு உண்மை. “மேற்கு ரூம் சென்ட்ரல்ல சேராது. சாயங்கால வெயில் அதிகம். அந்த ஒரு ரூமுக்காக மெஷின பெருசாக்கணும். அதுக்குத் தனி ஏசி போட்டா மெஷின் சின்னதாவே இருக்கலாம்.” இதுவும் உண்மை. “ஆனா தனி ஏசி ஓடும்போது அந்தக் கதவு சாத்தியே இருக்கணும். லூவர் கூடாது. தொறந்தா ரெண்டு சிஸ்டமும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடும்.” இது பாதி உண்மை. பாதிக்கும் கொஞ்சம் குறைவு.

“மாமியார் மருமக மாதிரியா?” என்றார் அப்பா.

“எங்க வீட்டுல எந்த மாமியாரு மருமகளோட சண்ட போட்டா?” என்று அம்மா எகிறினார். “நீங்க பேப்பரப் படிங்க.” பிறகு என்னிடம், “அப்ப ஃபாதருக்கு? வாக்கு கொடுத்துட்டேனேடி.”

“அந்த ஏசி அண்ணி ரூமுக்கு வேணும்மா. ஃபாதருக்கு நல்ல ஃபேனா ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம்.”

“ஃபாதர்கிட்ட நீயே சொல்லு. எனக்கு வெக்கமா இருக்கு.”

சொன்னேன். அவர் ஃபேனே போதும் என்றார்.

அண்ணி இரவில் பாத்திரம் துடைத்து அடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். “நெஜமாவே சண்ட போடுமா?”

“லேசா முறைச்சுக்கும்” என்றேன். அண்ணி தட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அண்ணன் மேற்கு அறையில் டப்பா தொங்குவதைப் பார்த்து இன்னும் குறைபட்டுக்கொள்கிறான். மெழுகுவர்த்தி ஆடாமல் எரிகிறது. வீட்டைப் பராமரிக்கும் விதிகளை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஃபில்ட்டரை எப்போது கழுவுவது, எந்த ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று பதினொரு வரிகள். நான்காவது வரி: ‘மாடி மேற்கு அறை – ஏசி ஓடும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும்.’

நான் எதிர்பார்க்காதது, அந்த வரிக்கு அம்மாவே காவலாக நின்றதுதான். ஒருநாள் பெரியம்மா பாலம் தாண்டி பஸ் பிடித்து வந்திருந்தார். நாலரை மணி. மாடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று படியேறிவிட்டார். மேற்கு அறைக் கதவில் கை வைப்பதற்குள் கீழேயிருந்து அம்மாவின் குரல்.

“அக்கா, அந்தக் கதவ மட்டும் தொறக்காத! சிஸ்டம் கெட்டுடும்!”

“ஒரு கதவ தொறந்தா என்னடி கெட்டுடும்? எம் பையன் வீட்டுலயும் ஏசி இருக்கு. இப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே.”

“உம் பையன் வீட்டுல இருக்கறது வெறும் ஏசிக்கா. இது சிஸ்டம். எம் பொண்ணு எழுதி ஒட்டியிருக்கா, வந்து படி.”

பெரியம்மா இறங்கி வந்து கண்ணாடி போட்டுப் படித்தார். “என்னமோ போங்க” என்றார். ஐந்து மணிக்கு அண்ணி இறங்கி வந்து டீ போட்டார்.

பெரியம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

“ஏண்டி” என்றார் அம்மா, கீரையைப் பார்த்தபடியே. “கீழ எங்க ரூமுக்கும் சிஸ்டத்துல அப்படி ஏதாவது இருக்கா? கொஞ்ச நேரம் சாத்தி வெக்கணும்னு?”

அவர் தலை நிமிரவில்லை. அவருடைய தாள் எனக்கு நினைவுக்கு வந்தது. காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை இழுத்த ஒரே கோடு.

“இருக்கும்மா” என்றேன். “மத்தியானம் ரெண்டரைலேர்ந்து மூணரை.”

“ஒரு மணி நேரமா?” உருவிய இலையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். “அப்பாகிட்ட நீயே சொல்லிடு.”

கைகழுவிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன். பதினோராவது வரிக்குக் கீழே இடம் இருந்தது.